எந்த இரு நபர்களுக்கும்: தன்பாலினத் திருமண வழக்கும் அதன் பிறகும்

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எந்த இரு நபர்களுக்கு இடையிலும் இச்சட்டத்தின்படி திருமணம் நடக்கலாம் என்று தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தில் ஆண் என்ற சொல்லும் இல்லை, பெண் என்ற சொல்லும் இல்லை. சில வரிகள் கீழே இறங்கி வயது நிபந்தனைக்கு வந்தால், ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே பிரிவுக்குள் நிற்கும் இந்த இரண்டு வரிகளில் எது எதைக் கட்டுப்படுத்தும்? 2023 ஏப்ரல், மே மாதங்களில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முன் பத்து நாட்கள் நடந்த வாதத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்.

இந்தியாவில் திருமணச் சட்டங்கள் பெரும்பாலும் மதத்தின் வழியாகவே வருகின்றன. மதச் சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கும், வெவ்வேறு மதத்தைச் சேர்ந்தவர்களுக்கும் இருக்கும் ஒரே பொதுவான வழி சிறப்புத் திருமணச் சட்டம். தன்பாலின இணையர்கள் இந்தக் கதவைத் தட்டியதற்கு அதுவே காரணம். விசாரணையின் தொடக்கத்திலேயே, மதம் சார்ந்த தனிநபர் சட்டங்களுக்குள் போகப் போவதில்லை என்று நீதிபதிகள் எல்லையை வரைந்துவிட்டதால், மனுதாரர்களுக்கு வேறு கதவும் இருக்கவில்லை. இந்தச் சட்டத்திலும் ஒரு முள் உண்டு. திருமணம் செய்ய விரும்புவோர் 30 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பைப் பதிவாளர் தம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் ஊரை விட்டு வந்த இணையருக்கு அந்த 30 நாட்கள் எப்படிக் கழியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த அறிவிப்பு முறையையும் நீக்கக் கோரினார்கள். அந்தக் கேள்வியை நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்க்கவில்லை.

இங்கே வந்து சேர்ந்த பாதை சுருக்கமாகச் சொல்லக்கூடியதுதான். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி மீண்டும் குற்றமாக்கியது. 2014-இல் திருநர்களின் பாலின அடையாளத்தை ஏற்ற நால்சா தீர்ப்பும், 2017-இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கிய ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பும் வந்தபின், 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தக் குற்றத்தை நீக்கினார்கள். குற்றம் நீங்கியது, வேறெதுவும் வரவில்லை. சேர்ந்து வாழும் உரிமையைப் பற்றிப் பேசிய அந்தத் தீர்ப்பிலேயே, இணைவு என்று தாம் சொல்வது திருமணத்தை அல்ல என்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா கவனமாக ஒரு வரி எழுதி வைத்திருந்தார். ஐந்தாண்டுகள் கழித்து மத்திய அரசு எடுத்துக் காட்டியது அந்தத் தீர்ப்பின் இத்தகைய எல்லைக்கோடுகளைத்தான்.

2020 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆண் இணை மனுத் தாக்கல் செய்தது. பிறகு டெல்லியிலும் மனுக்கள் குவிந்தன. 2022 நவம்பரில் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவோடு இவை யாவும் 2023 ஜனவரியில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் என்ற பெயரில் ஐந்து நீதிபதிகளின் முன் வந்தன. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், எஸ்.கே. கௌல், எஸ். ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகியோர் அமர்ந்தனர். விசாரணை நேரலையில் ஒளிபரப்பானது.

மனுதாரர்கள் கேட்டது புதிய சட்டமல்ல. இருக்கும் சட்டத்தில் கணவன், மனைவி என்று வரும் இடங்களில் வாழ்க்கைத் துணை என்று படித்துக்கொண்டால் போதும் என்றார்கள். கேட்கும்போது எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் சிக்கல் புலப்படும். திருமணம் செய்யக்கூடாத உறவுமுறைகளை இச்சட்டம் ஓர் அட்டவணையில் தருகிறது. ஆணுக்கு ஒரு பட்டியல், பெண்ணுக்கு ஒரு பட்டியல். ஓர் ஆண் தன் தாயை, தாயின் தாயை, மகளை மணக்கக் கூடாது என்று ஒன்று போகிறது. ஒரு பெண் தன் தந்தையை, தந்தையின் தந்தையை, மகனை மணக்கக் கூடாது என்று மற்றது போகிறது. இரண்டு ஆண்கள் மணந்தால் எந்தப் பட்டியலை எடுப்பது? ஜீவனாம்சம் பற்றிய 36, 37-ஆம் பிரிவுகள் மனைவிக்குக் கணவன் தர வேண்டும் என்கின்றன. விவாகரத்துப் பிரிவில் மனைவிக்கு மட்டுமே உரிய கூடுதல் காரணங்கள் உண்டு. வாரிசுரிமைக்கோ இச்சட்டம் வேறு சட்டங்களைக் கைகாட்டிவிடுகிறது. இருவரும் இந்துக்களாக இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டும். ஆக, தனிநபர் சட்டங்களைத் தொடமாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டு உள்ளே வந்தவர்கள், கொல்லைப்புறத்தில் அவற்றின் மேலேயே போய் நிற்க வேண்டியிருந்தது.

இந்த முடிச்சுகளைத்தான் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா திரும்பத் திரும்பக் காட்டினார். ஒரு சொல்லை மாற்றினால் 160 சட்டப் பிரிவுகள் ஆட்டம் காணும், இது நீதிமன்றத்தால் ஆகிற வேலையல்ல, நாடாளுமன்றத்தின் வேலை என்றார். சட்டக் கேள்வியாக இது வலுவான வாதம் என்பதை மனுதாரர் பக்கம் சாய்ந்திருப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதோடு அரசு நிற்கவில்லை. இந்தக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றும் எழுத்துப்பூர்வமாகச் சொன்னது. இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு மதுரை, வேலூர் வழக்குகளைப் பிறகு பார்ப்போம்.

2023 அக்டோபர் 17 அன்று நான்கு தனித்தனித் தீர்ப்புகள் வாசிக்கப்பட்டன. "3-க்கு 2" என்று செய்திகள் சுருக்கியதால், முக்கியக் கேள்வியில் ஐந்து பேரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பது பலர் மனத்தில் பதியவில்லை. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றும், சிறப்புத் திருமணச் சட்டத்தை ரத்து செய்யவோ அதில் புதிய சொற்களைப் புகுத்திப் படிக்கவோ நீதிமன்றத்தால் முடியாது என்றும் ஐவரும் சொன்னார்கள். ஆணாக அல்லது பெண்ணாக அடையாளம் காணும் திருநர்கள், எதிர்ப்பாலினத்தவரை நடப்புச் சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

பிளவு அதற்கு அடுத்த படியில் வந்தது. திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும், இருவர் சேர்ந்து ஓர் இணைவை அமைத்துக்கொள்ளும் உரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து பிறக்கிறது, அதை அங்கீகரித்து அதற்குரிய பயன்களைத் தருவது அரசின் கடமை என்று சந்திரசூட்டும் கௌலும் எழுதினார்கள். பெரும்பான்மை மூவரும் உறவு கொள்ளும் உரிமையை மறுக்கவில்லை. சட்டம் இல்லாத நிலையில் அந்த உறவை அங்கீகரிக்கும்படி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். திருமணமாகி இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை உள்ள இணையருக்கே குழந்தையைத் தத்துத் தரலாம் என்கிற 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3)-ஐச் சிறுபான்மை இருவர் செல்லாது என்றனர். பெரும்பான்மை அதையும் நிலைநிறுத்தியது. நீதிபதி பட்டின் தீர்ப்பில் உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. திருமணத்தை ஒட்டியே பயன்கள் வகுக்கப்பட்டிருப்பதால் தன்பாலின இணையர்கள் மறைமுகமான பாகுபாட்டுக்கு உள்ளாகிறார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டபின் பரிகாரத்தை ஒரு குழுவிடம் ஒப்படைக்கிறார். பாகுபாடு இருப்பதாக நீதிமன்றமே கண்டுவிட்டு, உத்தரவு ஏதுமின்றி எழுந்து போவது அரசியல் சாசன வழக்குகளில் அன்றாடம் நடப்பதல்ல.

நீதிமன்றம் சட்டம் இயற்ற முடியாது என்பதற்கும், நீதிமன்றத்தால் எதுவும் செய்ய முடியாது என்பதற்கும் இடையில் நிறைய இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2005 டிசம்பரில், நடப்புத் திருமணச் சட்டம் சமத்துவத்துக்கு விரோதமானது என்று அறிவித்துவிட்டு, சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கெடு முடியும் தறுவாயில் 2006 நவம்பரில் சட்டம் வந்தது. தைவான் நீதிமன்றம் 2017 மே 24 அன்று இரண்டாண்டு கொடுத்தது. சரியாக 2019 மே 24 அன்று ஆசியாவின் முதல் தன்பாலினத் திருமணச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. சொற்களை யார் எழுதுவது என்ற சிக்கலை இரண்டு நீதிமன்றங்களும் மதித்தன, எழுதியே ஆக வேண்டும் என்றும் சொல்லின. நம் அமர்வின் சிறுபான்மைத் தீர்ப்புகூட நாடாளுமன்றத்துக்கு இப்படி நாள் குறிக்கவில்லை.

சட்டமன்றம் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாண்டுகள் குடித்தனம் நடத்தியவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி இல்லை என்றானது. பிள்ளைகளின் சொத்துரிமை அந்தரத்தில் நின்றது. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர், வேறெவர் முன்னிலையிலாவது, இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால், தாலி கட்டினால் போதும். முன்பு நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தப் பிரிவு பின்னோக்கியும் கை நீட்டியது. எந்த உறவைத் திருமணம் என்று ஏற்பது என்பதில் சமூகம் ஓர் இடத்திலும் சட்டம் வேறிடத்திலும் நின்றபோது, ஒரே பக்க அளவுள்ள சட்டத் திருத்தம் அந்த இடைவெளியை அடைத்தது. 7-ஏ பிரிவும் "எந்த இரு இந்துக்கள்" என்றுதான் தொடங்குகிறது. பிறகு கணவன், மனைவி என்று வருகிறது. அதே இரட்டை நாக்கு! இந்தப் பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்கு ஊரறியப் பகிரங்க அறிவிப்புத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ரவீந்திர பட் என்பதும், அடுத்த இரண்டு மாதத்தில் சுப்ரியோ வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே என்பதும் தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படிப்பது பயனுள்ளது.

திருமணம் என்ற சொல் கிடைக்காததால் என்ன போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சேர்ந்து வாழத் தடையில்லையே, சொத்தை உயில் எழுதி வைத்தால் ஆயிற்றே என்பார்கள். உயில் எழுதலாம்தான். சுயமாகச் சம்பாதித்த சொத்தை இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உயிலால் எட்ட முடியாத இடங்கள்தான் அதிகம். பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். வேலையில் சேர்ந்தவர் நாமினியைக் குறிக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். பணிக்கொடை பற்றிய சட்டத்தின்படி, குடும்பம் உள்ள ஊழியர் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நாமினியாகக் குறித்தால் அது செல்லாது. குடும்பம் என்றால் யார்? துணைவர், பிள்ளைகள், தம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோர் முதலானோர். வயதான தாயைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றும் பெண், பத்தாண்டு கூடவே வாழும் தன் இணையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினால், எழுதாததற்குச் சமம். வருங்கால வைப்பு நிதியிலும் ஏறத்தாழ இதே விதிதான்.

ஆயுள் காப்பீட்டில் வேறு விதமான நுணுக்கம் இருக்கிறது. அங்கே நாமினியாக இணையின் பெயரை எழுதலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரிமையாகும் என்றானது. இந்த மூன்று வகையிலும் வராத இணை, காசோலையைக் கையில் வாங்கினாலும் அது இன்னொருவர் பணம். உயில் இல்லையென்றால், அந்த இணையை வீட்டுக்குள் விடாத உறவினர்களே அந்தப் பணத்துக்கு வாரிசுகள்.

உடல் உறுப்புத் தானத்தில் துணைவர் நெருங்கிய உறவினர். இணையோ அனுமதிக் குழுவின் முன் போய், பாசத்தினால்தான் தருகிறேன் என்று நிரூபிக்க வேண்டிய அந்நியர். ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் உறவல்லாதவர் தரும் பரிசுக்கு வருமான வரி உண்டு, கணவன் மனைவிக்கு இடையே இல்லை. இந்த வரிப் பாகுபாட்டை எதிர்த்து 2025-இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு போயிருக்கிறது. தத்தெடுப்பில், தனிநபராக ஒருவர் மட்டும் பெற்றோராகலாம், அதிலும் தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. கூடவே வளர்க்கும் மற்றவருக்கு, பள்ளிப் படிவத்தில் கையெழுத்திடவும் உரிமை இல்லை.

விதிவிலக்காக ஒரு சட்டம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தன் சார்பில் முடிவெடுக்க வயது வந்த எவரையும் ஒருவர் பிரதிநிதியாக நியமிக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். இரத்த உறவா, மண உறவா என்று அது கேட்பதில்லை. இவ்வளவு எளிமையாக ஒரு சட்டத்தை எழுத முடிந்தவர்கள், அறுவை சிகிச்சைக்கும் உடலைப் பெற்றுக்கொள்வதற்கும் அதே வரியை ஏன் எழுதவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தீர்ப்பு சொன்னபடி 2024 ஏப்ரலில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைந்தது. அதன் விளைவாகச் சில சுற்றறிக்கைகள் வந்தன. இணையர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், ஒருவரையொருவர் நாமினியாகக் குறிக்கவும் தடையில்லை. குடும்ப அட்டைக்கு ஒரே வீட்டாராகக் கருதலாம். நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது உடலை இணை பெற்றுக்கொள்ளலாம். இவற்றை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் கூட்டுக் கணக்கு யாரும் யாரோடும் முன்பே தொடங்க முடிந்ததுதான். கடைசியாகச் சொன்னதிலோ, "உறவினர் கிடைக்காதபோது" என்ற நிபந்தனைதான் எல்லாமே.

டெல்லியில் கதவு சாத்தப்பட்ட பிறகு பேச்சு நகர்ந்த இடங்களில் முக்கியமானது சென்னை உயர் நீதிமன்றம். அங்கே இது முன்பே தொடங்கியிருந்தது. 2019 ஏப்ரலில் மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்தது தவறு என்றும், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணப்பெண் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றும் தீர்ப்பளித்தார். 2021-இல், மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தமக்கு இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார் அவர். தன்பாலீர்ப்பை "மாற்றுவதாக"ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்ததும், தமிழில் மரியாதையான கலைச்சொற்கள் வேண்டும் என்று அரசை எழுத வைத்ததும் அந்த வழக்குதான். அதே வழக்கில் 2023 நவம்பரில், சுப்ரியோ தீர்ப்பு வந்த அடுத்த மாதம், குடும்ப இணைவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்யும் வழியை ஆராயும்படி தமிழக அரசிடம் கேட்டார். அது திருமணமல்ல, இந்த இருவரும் ஒரு குடும்பமாக வாழ்கிறார்கள் என்பதற்குக் கையில் காட்ட ஒரு பதிவுப் பத்திரம்.

2025 மே மாதம் வேலூர் மாவட்டக் காவல் துறையை எதிர்மனுதாரராகச் சேர்த்து ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண்ணை அவர் வீட்டாரே பிடித்து வைத்திருந்தார்கள். மனுச் செய்த பெண், தம்மை நெருங்கிய தோழி என்று மட்டுமே மனுவில் குறிப்பிட்டிருந்தார். அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்கிறோம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அழைத்துக் கேட்டபோது, தம்மை அடித்தார்கள், சடங்குகளுக்கு உட்படுத்தினார்கள், தோழியோடு போக விரும்புகிறேன் என்றார் அந்தப் பெண். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விடுவித்து, காவல் துறையின் மெத்தனத்தைக் கண்டித்தார்கள். மகனின் தன்பாலீர்ப்பை ஏற்றுப் பேசிய நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாத் தாய்மாரும் இருப்பதில்லை என்று தீர்ப்பில் ஒரு வரி வருகிறது. அடுத்து வருவதுதான் சட்டப்படி கனமானது: சுப்ரியோ தீர்ப்பு தன்பாலினத் திருமணத்தைச் சட்டப்பூர்வமாக்காமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் குடும்பம் அமைத்துக்கொள்ளலாம், குடும்பத்துக்குத் திருமணம் மட்டுமே வழியல்ல.

நகர்ப்புற மேட்டுக்குடி என்ற வாதத்தை இந்த இரண்டு வழக்குகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து ஓடி வந்தவர்களும், வேலூர் மாவட்டத்தில் வீட்டில் அடைக்கப்பட்டவரும் நீதிமன்றத்தில் கேட்டது பெரிய கோட்பாடு எதையும் அல்ல, காவல் நிலையம் தங்களைப் பெற்றோரிடம் பிடித்துக் கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதைத்தான். மணமான ஒரு பெண்ணைத் தேடிப் பெற்றோர் புகார் கொடுத்தால், திருமணச் சான்றிதழைக் காட்டியதும் காவல் துறை பெரும்பாலும் கையை விரித்துவிடும். அந்தத் தாள் இல்லாத இணையர், தாம் வயது வந்தவர்கள் என்பதையே ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று திறந்த நீதிமன்ற விசாரணையின்றி நீதிபதிகளின் அறையிலேயே தள்ளுபடியாயின. அசல் அமர்வின் ஐவரில் அப்போது எஞ்சியிருந்தவர் நீதிபதி நரசிம்மா மட்டுமே. பந்து நாடாளுமன்றத்தின் பக்கம் என்கிறார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தித் தன்பாலினத் திருமணத்தை ஏற்கும் தனிநபர் மசோதா ஒன்றை 2022 ஏப்ரலிலேயே, அதாவது இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, சுப்ரியா சுலே மக்களவையில் அறிமுகப்படுத்தியிருந்தார். விவாதத்துக்கு வராமலே, 2024-இல் அந்த மக்களவையோடு அதுவும் காலாவதியானது.